ஆளவில்லை, விவரிக்கின்றன

நடுவர் அவர்களே, பினாங்குப் பெருமக்களே, வணக்கம். இயற்கை விதிகள் இயற்கையை ஆள்கின்றனவா, விவரிக்கின்றனவா என்பது தலைப்பு. ஆள்கின்றன என்று அடித்துப் பேசினார் எதிரணித் தலைவர். நெப்டியூனைத் தாளில் கணக்குப் போட்டே கண்டுபிடித்தார்கள், யுரேனிய உருண்டை ஓர் அளவுக்கு மேல் இருக்கவே முடியாது என்று இரண்டு சான்று வைத்தார். கைதட்டலும் வாங்கினார்.

நெப்டியூன் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டாரே! யுரேனஸ் கணக்குப்படி நகரவில்லை. வெளியே ஒரு கோள் இழுக்கிறது என்று நியூட்டனின் ஈர்ப்பு விதியை வைத்துப் பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே சொன்னார். 1846இல் பெர்லினில் தேடினார்கள். சொன்ன இடத்திலிருந்து ஒரு டிகிரிக்குள் கிடைத்தது. சரி. அதே லெவெரியே 1859இல் புதனை எடுத்தார். மற்றக் கோள்களின் இழுப்பையெல்லாம் கழித்த பிறகும் அதன் பாதை கூடுதலாகத் திரும்புகிறது. இன்றைய அளவுப்படி நூற்றாண்டுக்கு 43 வில்நொடி; ஒரு வில்நொடி என்பது டிகிரியில் 3600இல் ஒரு பங்கு. அதே விதி, அதே ஆள், அதே வழிமுறை. சூரியனுக்கு அருகே இன்னொரு கோள் உண்டு என்றார். வல்கன் என்று பெயர் வைத்துத் தேடியதுதான் மிச்சம், கோள் இல்லை. 1915இல் ஐன்ஸ்டைன் வேறு சமன்பாட்டால் அந்த 43ஐக் கொண்டுவந்தார். நியூட்டன் விதி அரசன் என்றால், புதன் என்ன கலகமா செய்தது? விதி நல்ல சுருக்கம். சூரியனை நெருங்க நெருங்க அதன் பிழை தெரிகிறது, அவ்வளவே.

எதிரணியினர் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நீளாத நூலில் ஒரு குண்டைக் கட்டுங்கள். நூல் தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் நடுமையம் வரை சரியாக 1 மீட்டர்; முடிச்சு வரை அளந்தால் கணக்கு கெடும். 5 டிகிரி இழுத்து விடுங்கள். குண்டு அடிப்புள்ளியை ஒரே திசையில் கடக்கும்போதெல்லாம் எண்ணுங்கள், ஒருமுறை போய்வருவது ஓர் ஆட்டம்; ஓரத்தில் அது மெதுவாகத் திரும்புவதால் கைக்கடிகாரம் ஏமாற்றும். முதல் எண் பூஜ்யம். ஒன்று என்று தொடங்கினால் ஒன்பது ஆட்டத்தைப் பத்து என்று நம்புவீர்கள். ஈர்ப்பு முடுக்கம் 9.78க்குப் பதில் 12 என்று வரும். ஒழுங்காகச் செய்தால் பத்து ஆட்டத்துக்கு 20.1 விநாடி. பாடநூல் சூத்திரமும் அதையே சொல்கிறது. இப்போது 60 டிகிரி இழுத்து விடுங்கள். சூத்திரத்தில் கோணமே இல்லை, ஆகவே அது அதே 20.1தான் என்கிறது. ஊசலோ ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதல் நேரம் எடுக்கிறது. காற்றுத் தடையால் வீச்சு குறைவதால் நீங்கள் காண்பது சற்றுக் குறையலாம். ‘சிறு கோணத்துக்கு மட்டும்’ என்ற நிபந்தனையை எழுதியது ஊசலா, நாமா?

1672இல் பிரெஞ்சு வானியலாளர் ரிஷே பாரிஸிலிருந்து தென் அமெரிக்காவின் கயேனுக்குப் போனார். நம் பினாங்கைப் போலவே வட அட்சம் 5 டிகிரியில் இருக்கும் ஊர். அங்கே ஊசல் கடிகாரம் நாளுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசலைக் குறுக்க வேண்டியதாயிற்று. நிலநடுக்கோட்டருகே ஈர்ப்பு குறைவு என்ற வரி அதன் பிறகே சேர்ந்தது. 

யுரேனியம் வலுவான வாதம், மழுப்ப மாட்டேன். ஒரு கிலோமீட்டர் விட்டமுள்ள தங்க உருண்டை உலகில் இல்லை. அதே அளவு யுரேனியம்-235 உருண்டையும் இல்லை. முதலாவது தற்செயல், இரண்டாவது முடியாதது, ஏனெனில் உறையில்லாத உருண்டை 50 கிலோ சொச்சத்திலேயே, நியூட்ரான்கள் அணுக்களை அடுத்தடுத்துப் பிளக்கும் தொடர்வினைக்குள் போய்விடும். இந்த ‘முடியாது’ எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. மில், ராம்சே, டேவிட் லூயிஸ் என்ற தத்துவவாதிகள் மூவரும் ஒரு வழி காட்டினார்கள். உலகில் நடப்பவை எல்லாவற்றையும், மிகக் குறைந்த வரிகளில் மிக அதிகம் சொல்லும்படி சுருக்குங்கள். நியூட்ரான் பற்றிய வரிகள் அந்தச் சுருக்கத்தில் இருக்கும். யுரேனிய உருண்டை இல்லை என்பது அவற்றிலிருந்தே பிறக்கும். தங்க உருண்டைக்கு அப்படி ஒரு வரி கிடைக்காது. வேறுபாடு விளங்கிவிட்டது, ஆட்சியாளர் தேவைப்படவில்லை. எது எளிய சுருக்கம் என்று யார் முடிவு செய்வது என்பீர்கள். நாம்தான். எங்கள் அணி சொல்வதும் அதுவே!

விதிக்குள் ‘அவசியம்’ குடியிருக்கிறது என்றார் தத்துவவாதி ஆம்ஸ்ட்ராங். அவசியம் என்று பெயர் வைத்தால் போதுமா, பெயரில் ஆம்ஸ்ட்ராங், அதாவது வலுவான கை, என்று இருப்பதாலேயே புஜம் பருத்துவிடுமா என்று கேலி செய்தார் லூயிஸ்.

அடுத்து வரும் எதிரணி நண்பர் ஆற்றல் அழியாமையைக் கொண்டுவருவார். வரட்டும். காலம் மாறினாலும் இயக்க விதிகள் மாறாத இடத்தில்தான் ஆற்றல் மாறாது என்று 1918இல் கணிதமேதை எம்மி நோதர் நிறுவினார். விரியும் பிரபஞ்சத்தில் தொடக்க காலத்தில் 3000 கெல்வினில் கிளம்பி எங்கும் பரவிய பின்னணிக் கதிர்வீச்சு இன்று 2.7 கெல்வின். அதன் ஒளித்துகள்கள் இழந்த ஆற்றல் எந்தக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்று அவர் முதலில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.