பரனூரில் நின்ற கார்

தலைவர் அவர்களே, சங்கத்துத் தோழியரே, வாசலோரம் நின்றுகொண்டிருக்கும் ஆண் ஊழியர்களே, முன்வரிசை காலியாகத்தான் கிடக்கிறது. வந்து உட்காருங்கள், யாரும் கடித்துவிடமாட்டோம்.

பரனூர் சுங்கச்சாவடியைத் தெரியாதவர்கள் இந்த அரங்கில் இருக்கமாட்டீர்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, செங்கல்பட்டைத் தாண்டியதும் நம் பஸ்ஸை அசையவிடாமல் நிறுத்திவைக்குமே, அதே இடம். 2021 பிப்ரவரியில் அங்கே ஒரு கார் மறிக்கப்பட்டது. உள்ளே இருந்தவர் ஒரு பெண் ஐபிஎஸ் அதிகாரி. முதலமைச்சரின் டெல்டா மாவட்டச் சுற்றுப்பயணத்துக்கான பாதுகாப்புப் பணியின்போது, சட்டம் ஒழுங்குப் பிரிவின் சிறப்பு டிஜிபியாக இருந்த ராஜேஷ் தாஸ் தன்னைக் காரில் ஏறச் சொல்லிப் பாலியல் தொல்லை கொடுத்தார் என்று புகார் கொடுக்கச் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தார். மறித்தது வழிப்பறிக் கும்பல் இல்லை, போலீஸ். செங்கல்பட்டு மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே முன்னால் வந்து நின்றார்.

2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் ராஜேஷ் தாஸுக்கு மூன்று ஆண்டு சிறை விதித்தது. 2024 பிப்ரவரியில் மாவட்ட நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அவர் மேலே முறையீட்டுக்குப் போனார். அது அவர் உரிமை. காரை மறித்த அதிகாரிக்கு என்ன தண்டனை தெரியுமா? 500 ரூபாய் அபராதம்.

நீதிபதியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒருவரை முறையின்றித் தடுத்து நிறுத்தினால் ஒரு மாதம் வரை வெறுங்காவல், அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்பதுதான் அப்போது நடப்பில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 341ஆம் பிரிவு. வெள்ளைக்காரன் 1860இல் போட்ட கணக்கு. இன்றைக்கு அந்தப் பணத்தில் இந்தக் கூட்டத்துக்கு வடை வாங்கக்கூட முடியாது.

கையை நீட்டியவரைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். குறுக்கே நின்றவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அவர்மேல்தான் கண். அவருக்கு அந்தப் பெண்ணின்மேல் பகை ஒன்றும் இல்லை. மேலே இருந்து சொன்னார்கள், வந்து நின்றார். சீருடையும் அரசாங்கக் காரும் உள்ள அதிகாரிக்கே நடுரோட்டில் இந்தக் கதி என்றால், டவுன் பஸ்ஸில் வேலைக்கு வரும் தினக்கூலிப் பெண்ணின் நிலையை நான் சொல்லவா வேண்டும்?

குறுக்கே நிற்பதற்குச் சுங்கச்சாவடிதான் வேண்டும் என்பதில்லை. 1988 ஜூலை, சண்டிகர். ஓர் உயரதிகாரியின் வீட்டு விருந்து. பஞ்சாப் போலீஸ் தலைவர் கே.பி.எஸ். கில், ரூபன் தியோல் பஜாஜ் என்ற ஐஏஎஸ் அதிகாரியின் பின்புறத்தில் எல்லோர் முன்னாலும் தட்டினார். பஜாஜ் புகார் கொடுத்தார். 1989இல் உயர் நீதிமன்றம் அந்த வழக்கையே ரத்து செய்தது. அதற்குக் கை கொடுத்தது அதே தண்டனைச் சட்டத்தின் 95ஆம் பிரிவு: சாதாரண மனிதர் யாரும் பொருட்படுத்தாத அற்பத் தீங்கு குற்றமாகாது என்று சொன்ன பிரிவு. அதே 1989இல் கில்லுக்குப் பத்மஸ்ரீ. தீவிரவாதத்தை ஒடுக்கியவர், ஒரு தட்டுக்காகவா இத்தனை ரகளை என்ற பேச்சு ஊரெங்கும் இருந்தது. 1995இல் உச்ச நீதிமன்றம், இதற்கு 95ஆம் பிரிவு பொருந்தாது என்று சொல்லி வழக்கை உயிர்ப்பித்தது. 1996இல் தண்டனை, 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்தது. பதினேழு வருடம். அந்தத் தட்டு ஒரு நொடி.

ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காகக் கூட்டு வன்கொடுமைக்கு ஆளான பன்வாரி தேவி, அதிலிருந்து பிறந்த, பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 1997ஆம் ஆண்டு விசாகா தீர்ப்பு, 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவற்றை எனக்கு முன்பு பேசிய வழக்கறிஞர் அழகாகச் சொல்லிவிட்டார். சட்டத்துக்கும் மேசைக்கும் நடுவில் நடப்பதை மட்டும் நான் சொல்கிறேன். அலுவலகத்தில் இத்தகைய புகார்களை விசாரிக்கும், விசாகா கமிட்டி என்று நாம் சொல்லும் உள்ளகக் குழுவில் நான் இருந்திருக்கிறேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம்.

ஒப்பந்தப் பணியில் இருந்த ஒரு பெண் புகார் கொண்டுவந்தார். விதிப்படி ஆறு பிரதிகள் வேண்டும். ஆறு பிரதிகளுக்கு எங்கே போவது? அலுவலகத்து ஜெராக்ஸ் இயந்திரம் இருந்தது யார்மேல் புகாரோ அவருடைய அறை வாசலில். எதிர்க் கடைக்குப் போனால், சாயங்காலத்துக்குள் டீக்கடை வரை சேதி போய்விடும். அந்தப் பெண் இரண்டு பஸ் மாறி, வேறு ஊருக்குப் போய்ப் பிரதி எடுத்துவந்தார். தாள்கள் வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தன.

விசாரணை நாளில் எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்தவர், அதே அதிகாரியின் உதவியாளர். பிஸ்கட் தட்டை வைத்துவிட்டு அந்தப் பெண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணின் வாயிலிருந்து இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் வரவில்லை. "மேடம், எழுதினதே போதும்" என்றார். பரனூர் சாவடியைப் பற்றிச் செய்தித்தாளில் படித்தபோது எனக்கு அந்தப் பிஸ்கட் தட்டுதான் நினைவுக்கு வந்தது. கதவைச் சாத்தி, தேநீரே வேண்டாம் என்று அன்றைக்கு நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

விசாரணை முடியும்வரை யாரையாவது இடம் மாற்றலாம் என்று சட்டம் சொல்கிறது. புகார் கொடுத்தவர் எழுதிக் கேட்டால், அவரையும் மாற்றலாம், எதிர்த்தரப்பையும் மாற்றலாம். அந்தப் பெண்தான் மாற்றலானார். கேட்டு எழுதிய கடிதம் கோப்பில் இருக்கிறது. கையெழுத்து அவருடையது, வாசகம் யாருடையது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நாளைக்கு அலுவலகம் போனதும், அறிவிப்புப் பலகையில் குழு உறுப்பினர் பட்டியலைப் பாருங்கள். மூன்று ஆண்டுக்கு மேல் ஒருவர் உறுப்பினராக இருக்கக் கூடாது என்பது சட்டம். நான் ஓய்வுபெற்று நான்கு ஆண்டாகிறது. எங்கள் அலுவலகப் பலகையில் என் பெயரும் என் கைபேசி எண்ணும் இன்னும் இருக்கின்றன. போன மாதம் ஒரு மதிய வேளையில் அழைப்பு வந்தது. மிகவும் சின்னக் குரல். "மேடம், கமிட்டி நீங்கள்தானே?" என்று கேட்டது. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.