கழுத்துக் கருமை அழுக்கன்று

வணக்கம். கோரிமேட்டிலிருந்து ஏற்காடு அடிவாரம் வரை காலை நடை வந்துவிட்டு, இங்கேயே அமர்ந்து பேசுகிறேன்.

எனக்கு 19 வயதிருக்கும்போது, அம்மாபேட்டையில் அக்காவின் நிச்சயதார்த்தத்தன்று, அட்டிகை பூட்டிவிட வந்த அத்தை என் பின்கழுத்தைப் பார்த்துவிட்டு, "தேய்த்துக் குளிக்க மாட்டாயா கண்ணு?" என்று வருந்தி, எலுமிச்சை மூடியில் கல்லுப்பைத் தொட்டுத் தேய்த்துவிட்டார். எரிந்து சிவந்த தோல், ஆறியபோது முன்னிலும் கறுத்துப்போயிருந்தது. அத்தையின் அன்பில் குறையில்லை. ஆனால், அது அழுக்கே அன்று.

தொட்டால் வெல்வெட் துணியைப் போலத் தடித்து, வரிவரியாகத் தெரியும் அந்தக் கருமைக்குப் பெரும்பாலும் இன்சுலின்தான் காரணம். உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யாதபோது, கணையம் அதை மேலும் மேலும் சுரக்கிறது. அவ்வாறு இரத்தத்தில் மிகுந்துபோன இன்சுலின் தோலின் செல்களைத் தூண்டி அளவுக்கு மீறிப் பெருகச் செய்வதால், கழுத்து, அக்குள் போன்ற மடிப்புகளில் தோல் தடித்துக் கறுக்கிறது. அதே இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜன் என்னும் ஆண்தன்மை ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும்போது, எண்ணெய்ப் பசை மிகுந்து தாடையோரம் பருக்கள் கிளம்புகின்றன; மாதவிலக்கும் தள்ளிப்போகிறது. எனக்கு இரண்டும் இருந்தன. ஆகவே, களிம்பு தேடுவதற்கு முன் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். மெலிந்த உடல்வாகு உள்ள பெரியவர்களுக்குத் திடீரென்று இப்படிக் கறுத்தால், ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

சேகோ ஆலைகள் நிறைந்த சேலத்தில் பிறந்த எனக்கு ஜவ்வரிசி உப்புமா என்றால் உயிர். ஆனால், மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்தை மட்டும் பிரித்தெடுத்துச் செய்வதே ஜவ்வரிசி. நாரும் புரதமும் அதில் இல்லையென்றே சொல்லலாம் என்பதால், உண்டதும் விரைவாகச் சர்க்கரையாகிவிடுகிறது. அதை எப்போதாவது என்று குறைத்து, காலையில் முட்டையும் சுண்டலும், அதனுடன் இந்த நடையும் என்று மாற்றிக்கொண்ட பிறகு, ஓராண்டில் என் கழுத்து மெல்ல வெளுத்தது.

விரல் கணுக்கள் கறுப்பதற்கு வேறு காரணமும் இருக்கலாம். வைட்டமின் பி12 குறைந்தாலும் கைகளில் கருமை படரும் என்பதை 1963-லேயே வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். காய்கறிகளில் பி12 கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில்தான் உண்டு. சைவ உணவு மட்டுமே உண்டு, பாலையும் விலக்கிக் கடுங்காப்பி குடித்துவந்த என் அம்மாவுக்கு, மருத்துவர் சொன்னபடி ஊசி போட்டுக்கொண்ட சில மாதங்களில், மோதிர விரலின் கணுதான் முதலில் பழைய நிறத்துக்குத் திரும்பியது.