கைதச்சக்கையில் எது நல்ல சக்கை?

எல்லாருக்கும் வணக்கம். பாறசாலை வாசகசாலையில் தமிழ்க் கூட்டம் என்றார்கள், வந்து பார்த்தால் பழக்கடைக்காரனை மேடையில் ஏற்றிவிட்டார்கள். சரி, என் சரக்கைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

முதலில் பெயர். அன்னாசிப் பழத்துக்கு நாம் சொல்லும் கைதச்சக்கை என்ற பெயர் மலையாளம்தான் என்று நினைக்கிறோம். ஆனால் கைதை என்பது பழைய தமிழில் தாழைக்குப் பெயர். இலை தாழை மாதிரி, பழம் சக்கை, அதாவது பலா மாதிரி. அன்னாசி என்ற பெயர்தான் போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்து இறங்கியது.

கடையில் அதிகம் வருவது மொரீஷியஸ் ரகம். கன்னாரை என்றும் சொல்வார்கள். எர்ணாகுளம் மாவட்டத்து வாழக்குளம்தான் இதற்குப் பேர்போன ஊர். 2009-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இளம் ரப்பர் தோட்டத்தில் மரம் நிழல் கட்டும்வரை, முதல் மூன்று நான்கு வருடம் இதை ஊடே நடுவார்கள். இலையோரம் முழுக்க முள். கண்கள் ஆழம், சீவுகிறவன் கைக்குத்தான் கஷ்டம். சதை நல்ல மஞ்சள், மணமும் தூக்கல்.

இன்னொன்று கியூ. பழம் பெரிது, இலையில் முள் நுனியில்தான், கண்கள் தட்டை. சாறு அதிகம், நிறம் வெளிறல். டப்பாவில் அடைப்பதற்கு ஏற்றது. "வெறும் தண்ணி" என்று நம் ஆட்கள் ஒதுக்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நன்றாகப் பழுத்த கியூவைத் தின்றவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

கடையில் வரும் சண்டைகளில் பாதி ரகத்தால் வருவதில்லை, பறித்த நாளால் வருவது. தூரத்துக்கு லாரி ஏற்றும் காயைப் பச்சையாகவே வெட்டுவார்கள். வாழை மாதிரி வீட்டில் வைத்தால் இனிப்பு ஏறும் என்று பலர் நம்புகிறார்கள். ஏறாது. சர்க்கரையாக மாற இதனுள் மாவுச்சத்துச் சேமிப்பு இல்லை. தோல் மஞ்சளாகும், புளிப்பு கொஞ்சம் தணியும், அவ்வளவுதான். அதனால் தின்பதற்கு வாங்கினால் அடிப்பக்கத்தை மோந்து பாருங்கள்.

"மருந்தடித்துப் பழுக்க வைத்ததா அண்ணாச்சி?" என்று கேட்பார்கள். தோட்டத்தில் குருத்தில் எத்திபான் என்ற மருந்தை ஊற்றுவது பெரும்பாலும் எல்லாச் செடியும் ஒன்றாகப் பூக்க. அதனால்தான் வருடம் முழுக்கக் கிடைக்கிறது.

அப்புறம் சமையல். எல்லாரும் இனிப்பையே கேட்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம். ஓணச் சத்யை விருந்துக்குப் பச்சடி வைக்கிறவர்கள் முழுப் பழுப்பை வாங்கிப்போய், தேங்காயும் கடுகும் அரைத்து ஊற்றிவிட்டு, பாயாசம் மாதிரி இருக்கிறது என்று என்னிடமே வந்து சொல்வார்கள். பச்சடிக்கும் புளிசேரி என்ற மோர்க்குழம்புக்கும் புளிப்புள்ள காய்ப்பழம் வேண்டும். கேசரிக்கு மட்டும் நல்ல பழுப்பு.

இதோ, ஒரு மொரீஷியஸைச் சீவிக் கொண்டுவந்திருக்கிறேன். இந்தத் தட்டில் அடிப்பக்கத் துண்டு, அந்தத் தட்டில் கொண்டைப்பக்கம். ஒரே பழம்தான், பழுப்பு அடியிலிருந்து ஏறுவதால் ருசி வேறு. முதலில் கொண்டைப்பக்கத்தைத் தின்னுங்கள். நாக்கு அரித்தால் உப்பு மேசைமேல் இருக்கிறது.