பெர்தே: ஸ்பானிய மொழியின் பச்சை

அவையில் இருக்கிற பெரியவர்களே, அம்மாமார்களே, மொழிபெயர்ப்பு படிக்கிற பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

நாம் தமிழில் படிக்கிற லத்தீன் அமெரிக்கக் கதைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம்மிடம் வந்தவை. அந்த வழியில் என்னென்ன உதிர்ந்து போகிறது என்பதை இன்று ஒரே ஒரு சொல்லை வைத்துப் பார்ப்போம். பெர்தே. பச்சை என்று அர்த்தம். ஸ்பானிய மொழி படிக்கத் தொடங்குகிற எவரும் முதல் பாடங்களிலேயே கற்றுக்கொள்கிற பெயரடை.

முதலில் மாம்பழத்தை எடுத்துக்கொள்வோம். மாங்கோ என்கிற சொல்லே போர்ச்சுக்கீசியர் வாய் வழியாக நம் பக்கத்து மாங்காயிலிருந்து போனதுதான். ஸ்பானிய மொழியில் 'இரு' என்பதற்கு செர், எஸ்தார் என்று இரண்டு வினைகள். 'எல் மாங்கோ எஸ் பெர்தே' என்றால் அதன் நிறம் பச்சை. பழுத்தாலும் தோல் பச்சையாகவே நிற்கிற ரகங்கள் உண்டல்லவா, அவற்றை அப்படிச் சொல்லலாம். 'எல் மாங்கோ எஸ்தா பெர்தே' என்றால் இன்னும் பழுக்கவில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'இஸ் கிரீன்' என்று போட்டால் அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். அதனால் இரண்டாவதற்கு 'அன்ரைப்' என்று எழுத வேண்டியிருக்கிறது. நமக்கோ சந்தையில் தினமும் காதில் விழுகிற பேச்சு இருக்கிறது: 'இன்னும் காயாத்தான் இருக்கு.' வேலைக்குப் புதிதாக வந்து தடுமாறுகிற பையனையும் ஸ்பானியர்கள் 'எஸ்தா பெர்தே' என்பார்கள். இங்கே ஆங்கிலமும் கூடவே வருகிறது. அவர்களுக்கும் அனுபவம் இல்லாதவன் 'கிரீன்' தான். காயாத விறகு மூன்று மொழியிலும் பச்சை.

சரி, சிக்கல் எங்கே? 'சீஸ்தே பெர்தே' என்ற இடத்தில். சொல்லுக்குச் சொல் பார்த்தால் பச்சை ஜோக். ஆபாச ஜோக் என்று பொருள். ஆங்கிலத்தில் 'கிரீன் ஜோக்' என்றால் எடுபடாது. அதனால் நிறத்தையே மாற்றி 'ப்ளூ ஜோக்' என்பார்கள், இல்லையென்றால் 'டர்ட்டி ஜோக்'. ஆங்கில வாசகருக்கு அதுதான் சரி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த 'டர்ட்டி'யை மட்டும் பார்க்கிற தமிழ் மொழிபெயர்ப்பாளர் 'அசிங்கமான நகைச்சுவை' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார். நம் ஊரில் எப்படிச் சொல்வோம்? 'பச்சை பச்சையாப் பேசுதான்' என்போம். மாட்ரிட்காரருக்கும் மேலப்பாளையத்துக்காரருக்கும் நிறம் ஒன்றாக இருக்கிறது. நடுவில் நின்ற ஆங்கிலம் அதை மறைத்துவிட்டது. எனக்கு இது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. ஸ்பானிய மொழிக்குள்ளும் ஊருக்கு ஊர் மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. மெக்சிகோவில் இதே ஜோக் 'கொலொராதோ', அதாவது சிவப்பு.

'பியேஹோ பெர்தே' இன்னும் கடினம். பியேஹோ என்றால் கிழவர். வயதுக்குப் பொருந்தாத காம ஆசையோடு பெண்கள் பின்னால் அலைகிற கிழவரை இப்படிச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் 'டர்ட்டி ஓல்ட் மேன்'. 'கிரீன்' என்று நேராகப் போட்டால் பொருளே தலைகீழாகிவிடக்கூடும். ஏனென்றால் 'கிரீன் ஓல்ட் ஏஜ்' என்று ஆங்கிலத்தில் ஒரு பழைய வழக்கு உண்டு, தளராத முதுமை என்கிற பாராட்டு அது. தமிழிலும் 'பச்சைக் கிழவன்' நிற்காது. நான் 'சபலக் கிழவன்' என்றுதான் எழுதுவேன். நிறம் போனால் போகட்டும். அந்த ஆள் யார் என்பது வாசகருக்கு உடனே தெரிய வேண்டும்.

அப்புறம் 'போனெர் பெர்தே', ஒருவரைப் பச்சையாக்குவது. சரமாரியாகத் திட்டுவது, குறை சொல்லித் தீர்ப்பது என்று அர்த்தம். இங்கே மிகவும் கவனம் வேண்டும். 'பச்சையா ஏசினாள்' என்று எழுதக் கை பரபரக்கும். எழுதினால் தப்பு. நம் பேச்சில் அது கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுவது. ஸ்பானிய வழக்கில் கெட்ட வார்த்தை இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. 'ஏசு ஏசுன்னு ஏசிட்டா' போதும், வேகமும் குறையாது. அதே மாதிரி பச்சைத் தண்ணீர், பச்சை முட்டை, பச்சை உடம்புக்காரி, இவை எதுவும் பெர்தே ஆகாது. வேகாததற்கு அவர்கள் சொல்வது க்ரூதோ.

கதை உள்ள வழக்கு ஒன்று சொல்கிறேன். 'அ புவெனாஸ் ஓராஸ், மாங்காஸ் பெர்தேஸ்.' மாங்கா என்றால் இங்கே சட்டைக் கை. இசபெல் அரசியும் பெர்னாந்தோ அரசரும் 1476-ல் சாந்தா எர்மாந்தாத் என்ற காவல் படையை நாடு முழுவதற்குமாக ஒழுங்குபடுத்தினார்கள். அந்தப் படையினரின் உடுப்பில் கைப்பகுதி பச்சை, குற்றம் நடந்து முடிந்த பிறகே வந்து சேருவார்கள், அதனால் வந்த பேச்சு இது என்று விளக்கம் சொல்வார்கள். ஆங்கிலத்தில், குதிரை ஓடிய பின் லாயத்தைப் பூட்டுகிற பழமொழியை வைப்பார்கள். தமிழில் 'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்' கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் ஸ்பெயின் நாட்டுக் குடியானவர் வாயில் சூரிய நமஸ்காரம் வந்தால் அவர் நம் ஊர்க்காரர் ஆகிவிடுவார். 'இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?' என்று நான் போடுவேன். படை, சட்டை, நிறம் எல்லாம் போய்விடுகிறது. குத்தல் மட்டும் நிற்கிறது. கதையில் அந்தக் காவல் படையே வருமானால் பச்சைக் கையை விடவே கூடாது.

ஆங்கிலம் நடுவில் இல்லாமல் மொழிபெயர்ப்பது நம் சீமைக்குப் புதிதில்லை. தாமிரபரணி கடலில் சேருகிற புன்னைக்காயலில் வாழ்ந்த போர்ச்சுக்கீசியப் பாதிரியார் அன்றிக்கே அடிகளார் போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து தமிழாக்கிய தம்பிரான் வணக்கம் என்ற கிறிஸ்தவ நூல் 1578-ல் கொல்லத்தில் அச்சேறியது. ஸ்பானிய மொழிக்கு உடன்பிறப்பு போர்ச்சுக்கீசியம். அதிலும் பச்சைக்கு எழுதுவது இதே சொல்தான். இத்தனை கல்லூரிகள் இருக்கிற பாளையங்கோட்டையில் ஸ்பானிய வகுப்பு ஒன்று நடத்த வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். அது வரும்வரை, ஆங்கிலம் வழியாக மொழிபெயர்க்கிறவர்கள் ஸ்பானிய மூலத்தையும் மேசையில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். 'டர்ட்டி', 'ப்ளூ', 'அன்ரைப்' என்று வருகிற இடத்தில் மூலத்தில் என்ன நிற்கிறது, பக்கத்தில் செர் இருக்கிறதா எஸ்தார் இருக்கிறதா என்று பாருங்கள். 1713-ல் தொடங்கிய ஸ்பானிய அரச அகாதெமியின் அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.