மடையடியில் படிக்க வேண்டிய கணக்கு

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

மடை திறக்க இன்னும் சில நாள்தான் இருக்கிறது. அதற்குள் ஏரியின் வரவு செலவுக் கணக்கைப் பற்றிப் பேசிவிடலாம் என்றுதான் வந்தேன்.

குடவோலை என்றதும் உத்திரமேரூரைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 921ஆம் ஆண்டு வெட்டிய கல்வெட்டில் ஏரியைப் பார்த்துக்கொள்ளும் குழுவான ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், பதவி 360 நாள் என்று இருக்கிறது. ஆனால் நான் திரும்பத் திரும்பப் படித்தது வேறொரு விதியை. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பேரை மறுபடி ஓலையில் எழுதக் கூடாது. அவர் பேரை மட்டுமில்லை. அவருடைய அப்பா, மகன், மருமகன், தாய்மாமன், அக்காள் தங்கை பிள்ளைகள் என்று உறவு உறவாக எண்ணி, இவர்கள் பேரும் கூடாது என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஊர்ப்பணம் எந்த வழியாகக் கசியும் என்று நன்றாகத் தெரிந்தவர்கள்! அந்தச் சபையில் எல்லோருக்கும் இடமிருக்கவில்லை. சொந்த நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்கள்தான் உட்கார்ந்தார்கள். அது நமக்கு வேண்டாம். இந்த விதி வேண்டும்.

சரி, நம் காலத்துக்கு வருவோம். 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் தேர்தல் வைத்து அமைக்க வேண்டியது. ஊரார் சேர்ந்து ஏரியைச் சீர்செய்யும் குடிமராமத்து 2017இல் திரும்ப வந்தபோது, வேலையை ஏரிப் பாசனத்தில் நிலம் உள்ள ஆயக்கட்டுதாரர்களிடமே கொடுத்தார்கள். 10 சதவீதம் நம் பங்கு என்று வைத்தார்கள். உழைப்பாகவும் தரலாம், பணமாகவும் தரலாம் என்றார்கள். நல்ல ஏற்பாடு.

எங்கள் ஏரிக்கும் பொக்லைன் வந்தது, வண்டல் போனது. எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை லோடு என்று சங்கத்தில் கேட்டேன். "கணக்கு ஆபீஸில் இருக்கு" என்றார்கள். ஆபீஸுக்குப் போனால், "சங்கத்திலே கேளுங்க" என்றார்கள். வண்டி ஒரு நிர்வாகியின் மச்சானுடையது என்பது பிறகுதான் தெரிந்தது. வேலை மோசம் என்று சொல்ல மாட்டேன், அந்த வருஷம் ஏரி நன்றாகவே பிடித்தது. ஆனால் அதற்கு அப்புறம் வாய்க்கால் வெட்டக் கூப்பிட்டபோது கடைமடைக்காரர் ஒருவர்கூட மண்வெட்டியோடு வரவில்லை. தண்ணீர் பாதி வயலுக்குப் போய்ச் சேரவில்லை. கணக்கை மறைத்ததால் வந்த நஷ்டம் அது. பணத்தைவிடப் பெரிய நஷ்டம்.

அதனால் கேட்கிறேன். மடை திறக்கும் முன் ஆயக்கட்டுக் கூட்டம் போட்டு, வரவு செலவை வாய்விட்டுப் படியுங்கள். வண்டி யாருடையது, எத்தனை மணி நேரம், மிகுதித் தண்ணீர் வழியும் கலங்கலுக்கு எத்தனை மூட்டை சிமெண்ட், எல்லாவற்றையும் மடைச் சுவரில் பெயிண்டில் எழுதுங்கள். தண்ணீருக்கும் கணக்கு வேண்டும்: திறந்த தேதி, அன்றைக்கு ஏரியில் எத்தனை அடி, மேல்மடைக்கு எத்தனை நாள் முறை, கடைமடைக்கு எத்தனை நாள். நிர்வாகியின் உறவுக்காரர் வண்டி என்றால் கூட்டத்தின் சம்மதம் இல்லாமல் ஏரிக்குள் இறங்கக் கூடாது.

உங்கள் சங்கச் செயலாளர் பாஸ்புத்தகத்தோடு வந்திருக்கிறார். நான் கேட்டதும் சம்மதித்தார், அவருக்கு என் நன்றி. இப்போது முதல் வரவிலிருந்து படிப்பார். கடைசி வரிசையில் இருப்பவர்கள், கேட்கவில்லை என்றால் கையைத் தூக்குங்கள்.