இருட்டு கேட்கும் ஒயின், வெளிச்சம் கேட்கும் ஓவியம்

நேயர்களுக்கு வணக்கம்.

வானொலியில் ஒயினைப் பற்றிப் பேச்சா என்று யாராவது முகம் சுளிப்பதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் ஓவியம் கற்றுக்கொடுக்கிறவன். எந்த ஒயின் உசத்தி, எதை எதோடு குடிக்க வேண்டும் என்பதெல்லாம் என் இலாகா இல்லை. திராட்சைத் தோட்டத்துக்கும் பீப்பாய் அறைக்கும் நடுவே ஓவியமும் சிற்பமும் எப்படி வந்து சேர்ந்தன என்பதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். ஐரோப்பாவிலும் வட, தென் அமெரிக்காவிலும் இப்படிப்பட்ட இடங்கள் இன்றைக்கு ஏராளம். எல்லாமே பார்க்கத் தகுந்தவை என்று சொல்ல மாட்டேன். ரசனையால் வந்த கலையும் உண்டு, பாட்டிலின் விலையை ஏற்றுவதற்காகக் கொண்டுவந்து நிறுத்திய கலையும் உண்டு.

இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே வைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒயினுக்கு வெளிச்சம் ஆகாது. பீப்பாயில் கிடக்கும் ஒயின் மரத்தின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த இழப்பு மட்டுப்பட வேண்டுமானால் அறைக் காற்றில் ஈரம் வேண்டும், குளிர்ச்சியும் வேண்டும். ஆகவேதான் நிலவறை. ஆனால் காகிதத்துக்கும் கித்தானுக்கும் அதைவிட மோசமான இடம் கிடையாது. பூஞ்சை பிடித்துவிடும். அதோடு ஓவியத்தைப் பார்க்க வெளிச்சம் வேண்டுமே! இந்தப் பிணக்கை ஒவ்வொரு தோட்டக்காரரும் எப்படித் தீர்த்தார் என்று பார்த்துக்கொண்டே போனால், எங்கே உண்மையான அக்கறை இருக்கிறது, எங்கே வெறும் அலங்காரம் என்பது தானாகப் புரிந்துவிடும்.

பிரான்ஸில் போர்தோ பக்கம் ஷாத்தோ மூத்தோன் ரோத்ஷில்ட் என்ற பெயர்பெற்ற தோட்டம் இருக்கிறது. அவர்கள் கலையை அறைக்குள் கொண்டுவரவில்லை, பாட்டில் மேலேயே ஒட்டிவிட்டார்கள். முன்பெல்லாம் அந்த வட்டாரத்தில் ஒயின் பீப்பாய் பீப்பாயாக நகரத்து வணிகர்களுக்குப் போய்விடும். பாட்டிலில் அடைப்பது அவர்கள் வேலை. 1922ல், இருபது வயதில் பொறுப்புக்கு வந்த ஃபிலிப் த ரோத்ஷில்ட், இனிமேல் எங்கள் ஒயினை எங்கள் தோட்டத்திலேயே அடைப்போம் என்று முடிவெடுத்தார். அப்படி அடைத்த 1924ஆம் ஆண்டு ஒயினுக்கு ழான் கார்லு என்ற விளம்பர ஓவியரிடம் லேபிள் வரைந்து வாங்கினார். அது அப்போது எடுபடவில்லை. போர் முடிந்த 1945ல் வெற்றியைக் குறிக்கும் 'வி' எழுத்தை வைத்து ஃபிலிப் ஜூலியான் என்ற இளைஞர் ஒரு லேபிள் வரைந்தார். அதற்கப்புறம் ஏறக்குறைய ஒவ்வொரு ஆண்டும் ஓர் ஓவியர். பிராக், டாலி, மீரோ, ஷகால், வார்ஹோல் என்று பட்டியல் நீளும். 2009ஆம் ஆண்டு ஒயினுக்கு வரைந்தவர் மும்பையில் பிறந்த அனிஷ் கபூர். அவரைப் பிறகு இன்னோர் இடத்தில் சந்திக்கப் போகிறோம். ஓவியர்களுக்குச் சன்மானம் பணமாக இல்லை, பெட்டி பெட்டியாக ஒயின்.

1973ஆம் ஆண்டு லேபிளில் பிக்காசோ. அந்த ஏப்ரலில் அவர் இறந்துபோனார். அதே ஆண்டில்தான் இந்தத் தோட்டம் இரண்டாம் தரத்திலிருந்து முதல் தரத்துக்கு உயர்ந்தது. போர்தோ தோட்டங்களுக்கு 1855ல் போட்ட தரவரிசை அது. அதை அசைத்துப் பார்க்க ஃபிலிப் பல பத்தாண்டுகள் போராடியிருந்தார். கடைசியில் ஆணையில் கையெழுத்திட்ட வேளாண் அமைச்சர், பின்னாளில் பிரான்ஸின் அதிபரான ழாக் சிராக்.

1993க்கு பால்தூஸ் ஓர் இளம்பெண்ணின் நிர்வாணத்தைப் பென்சிலில் வரைந்து கொடுத்தார். அமெரிக்காவில் எதிர்ப்புக் கிளம்பியது. தோட்டத்தார் வாதாடப் போகவில்லை. அமெரிக்காவுக்குப் போகும் பாட்டில்களில் ஓவியம் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு அனுப்பிவிட்டார்கள். விளைவு? சேகரிப்பவர்களுக்கு ஓவியம் உள்ளதும் வேண்டும், இல்லாததும் வேண்டும் என்றாகிவிட்டது. வியாபாரத்துக்கு நட்டமில்லை.

லேபிள்களுக்கான அசல் ஓவியங்கள் தோட்டத்திலேயே காட்சிக்கு இருக்கின்றன. 1962ல் அமைச்சர் அந்திரே மால்ரோ திறந்துவைத்த அருங்காட்சியகமும் உண்டு. ஒயினோடு தொடர்புள்ள பழைய கிண்ணங்கள், வெள்ளிச் சாமான்கள், கலைப்பொருட்கள் அதில் இருக்கின்றன. நல்ல தொகுப்புதான். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், கலையைப் பார்ப்பதற்கென்று மட்டும் அங்கே போக வேண்டியதில்லை. லேபிள் ஓவியம் பாட்டிலோடு உலகமெல்லாம் சுற்றுகிறது.

அடுத்தது பிரான்ஸின் தெற்கே, எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரத்துக்கு அருகில் உள்ள ஷாத்தோ லா கோஸ்த் என்ற தோட்டம். ஓவியர் செஸான் திரும்பத் திரும்ப வரைந்த மலை இருக்கும் வட்டாரம். அயர்லாந்துத் தொழிலதிபர் பேடி மெக்கில்லன் இந்தத் தோட்டத்தை வாங்கி, 2011ல் கலைப் பாதையோடு பொதுமக்களுக்குத் திறந்தார். இங்கே தீர்வு எளிது: ஒயின் உள்ளே, கலை வெளியே. கையில் ஒரு வரைபடம் கொடுப்பார்கள். கொடிகளுக்கும் காட்டுக்கும் நடுவே நடக்க வேண்டியதுதான். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ததாவோ ஆண்டோ கட்டிய கான்கிரீட் கட்டடம், அதன் முன்னே ஆழமில்லாத தண்ணீர்த் தளம், அதில் பதுங்கி நிற்கும், சிற்பி லூயீஸ் பூர்ஷ்வாவின் வெண்கலச் சிலந்தி. ரிச்சர்ட் ரோஜர்ஸ் கட்டிய செம்மஞ்சள் நிறக் காட்சிக்கூடம் குன்றிலிருந்து அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. 2021ல் அது திறக்கப்பட்டது, அதே ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார்.

எல்லாம் பெரிய பெயர்கள். அங்கேதான் எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது. பரிமாறுகிறவர் கை ஓயாமல் இலையை நிரப்பிக்கொண்டே போகும் கல்யாணப் பந்தி போல, எதையும் நிதானமாக ருசிக்க விடாது. விதிவிலக்காக ஆண்டி கோல்ட்ஸ்வர்தியின் ஓக் அறையைச் சொல்வேன். கல் சுவரில் ஒரு சின்ன வாசல். குனிந்து உள்ளே போனால் ஓக் மரத் துண்டுகளைப் பின்னிப் பின்னி அடுக்கிய குகை போன்ற ஓர் அறை. உள்ளே கிட்டத்தட்ட இருட்டு. கண் பழகியபிறகுதான் ஒவ்வொரு கட்டையாகத் துலங்கும். பீப்பாய் செய்யும் மரமும் ஓக்தான் என்பதால், ஒரு பெரிய பீப்பாய்க்குள் நிற்பதாகவே எனக்குத் தோன்றியது. அங்கே போனால் மற்றவற்றைக் குறைத்துக்கொண்டு இந்த அறையில் நேரம் செலவிடுங்கள்.

சரி, இத்தாலிக்கு வருவோம். டஸ்கனியில் கயோலே வட்டாரத்தில், மலைமேல் ஆமா என்று ஒரு குக்கிராமம். 1970களில் ரோமிலிருந்து வந்த சில குடும்பங்கள் அங்கே நிலம் வாங்கி காஸ்தெல்லோ தி ஆமா என்ற பெயரில் ஒயின் செய்யத் தொடங்கின. அந்தக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த லொரென்ஸா செபாஸ்தியும், ஒயின் தயாரிப்பாளரான அவர் கணவர் மார்க்கோ பல்லாந்தியும் 2000ஆம் ஆண்டில் ஒரு வேலையை ஆரம்பித்தார்கள். சான் ஜிமிஞ்ஞானோ ஊரின் கலேரியா கொந்தினுவா என்ற கலைக்கூடம் கூட்டு. ஏற்பாடு இதுதான். கடையில் வாங்கிவந்து வைப்பது கிடையாது. கலைஞர் ஊருக்கு வர வேண்டும், சுற்றிப் பார்க்க வேண்டும், இடத்தை அவரே தேர்ந்துகொள்ள வேண்டும். அந்த இடத்துக்கென்று செய்த படைப்பு அங்கேயே இருக்கும்.

முதலில் வந்த மிக்கேலாஞ்செலோ பிஸ்தொலெத்தோ நிலவறையைத் தேர்ந்துகொண்டார். ஒரு பெரிய அடிமரத்தைப் பிளந்து உள்ளே கண்ணாடியைப் பதித்தார். அடுத்த ஆண்டு தானியேல் பூரேன் தோட்டத்து விளிம்பில் ஒரு நீண்ட சுவர் எழுப்பினார். ஒரு பக்கம் முழுக்க நிலைக்கண்ணாடி, நடுநடுவே ஜன்னல்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிரே உள்ள திராட்சைச் சரிவு, கண்ணாடியில் பார்த்தால் நம் முதுகுக்குப் பின்னால் உள்ள ஊர். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். பின்னால் 2009ல் லூயீஸ் பூர்ஷ்வாவின் சிறிய இளஞ்சிவப்புப் பளிங்கு உருவம் தரைக்கடியில் உள்ள பழைய நீர்த்தொட்டிக்குள் போய்ச் சேர்ந்தது. கண்ணாடி, மரம், பளிங்கு, நியான் விளக்கு - பெரும்பாலும் இவைதான். நிலவறை எதைத் தாங்குமோ அதுதான் உள்ளே வந்திருக்கிறது. கித்தானைத் தேடாதீர்கள்.

நான் அதிக நேரம் நின்றது அங்குள்ள சின்ன தேவாலயத்தில். வழிகாட்டி சாவி கொண்டுவந்து திறந்தார். பழைய காலத்துக் குடும்பத் தேவாலயம், நாலைந்து வரிசை உட்காரலாம், அவ்வளவுதான். அதில் அனிஷ் கபூர் 2004ல் செய்தது ஒன்றே ஒன்று. தரையில் ஒரு வட்டத் துளை. அதிலிருந்து சிவப்பு ஒளி. வாசலிலிருந்து பார்க்கும்போது அது துளையா, தரையில் கிடக்கும் ஒரு சிவப்புத் தட்டா என்று சொல்லவே முடியாது. பக்கத்தில் போனால்தான் ஆழம் தெரியும், அப்போதும் எவ்வளவு ஆழம் என்பது பிடிபடாது. எங்கள் கூட்டத்தில் ஓர் அம்மா விளிம்பருகே செருப்பு முனையை நீட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டார். கத்தோலிக்கர்களின் திருப்பலி வழிபாட்டில் ஒயின் கிறிஸ்துவின் இரத்தமாகிறது என்ற நம்பிக்கையைத் தெரிந்தவர்களுக்கு, ஒயின் செய்யும் ஊரின் தேவாலயத்துத் தரையில் ஒரு சிவப்பு வட்டம் எதைச் சொல்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. இதே வட்டத்தை லண்டனில் ஒரு வெள்ளை அறைக்குக் கொண்டுபோய் வையுங்கள், பாதி போய்விடும். கபூரின் லேபிளுக்கும் இதற்கும் உள்ள தூரம் இதுதான்.

இன்னோர் இடம், இதற்கு நேரெதிர். அங்கே இருட்டைத் தேடிப் போகவில்லை, வெளிச்சத்தையே கலையாக்கிவிட்டார்கள். அர்ஜென்டினாவின் வடமேற்கே சால்தா மாகாணத்தில், 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கொலோமே. 1831ல் தொடங்கிய பழைய தோட்டம். சுவிட்சர்லாந்துக்காரர் டொனால்ட் ஹெஸ் அதை 2001ல் வாங்கினார். ஹெஸ் ஏற்கெனவே கலிபோர்னியாவின் நாப்பாவில் தன் ஒயின் பண்ணையோடு ஒரு கலைக்கூடத்தை 1989ல் திறந்தவர். தட்டச்சுப் பொறியில் காகிதத்துக்குப் பதிலாகத் தீ எரியும் ஒரு படைப்பு அங்கே ரொம்பப் பிரபலம். அர்ஜென்டினாக் கலைஞர் லெயொபோல்தோ மாலெர் செய்தது. ஹெஸ் நூறு பேரிடம் ஒவ்வொன்று வாங்குகிறவர் இல்லை. சிலரைத் தேர்ந்துகொண்டு வருடக்கணக்கில் அவர்களைத் தொடர்கிறவர். அந்தச் சிலரில் ஒருவர் அமெரிக்கரான ஜேம்ஸ் டரல். டரலுக்கென்றே கொலோமேயில் ஓர் அருங்காட்சியகம் கட்டி 2009 ஏப்ரலில் திறந்தார். ஒன்பது ஒளிப் படைப்புகள்.

டரல் வரைவதும் இல்லை, செதுக்குவதும் இல்லை. கல்லூரியில் புலனுணர்வு உளவியல் படித்தவர். வெளிச்சம் ஒரு பொருளின் மேல் விழுவதை அவர் காட்டுவதில்லை, வெளிச்சத்தையே பொருளாகக் காட்டுகிறார். 1980ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் அவருடைய ஒளியைச் சுவர் என்று நம்பிச் சாய்ந்த ஒரு பெண்மணி கீழே விழுந்து, வழக்கே போட்டார். அந்த அளவுக்குக் கண் ஏமாறும்.

கொலோமேயின் முக்கியமான படைப்பு கூரையில் ஒரு திறப்பு. அதன் விளிம்பைக் கத்திபோல் கூராக்கியிருப்பதால் கூரையின் தடிமன் கண்ணுக்குத் தெரியாது. வானம் தொலைவில் இருப்பதாகத் தோன்றாமல், திறப்பில் ஒட்டிய துணிபோல் இறங்கிவந்துவிடும். அந்தி நேரத்தில் சுற்றியுள்ள சுவர்களில் விளக்கின் நிறம் மெல்ல மாறும். சுவர் மஞ்சளானால் வானம் கருநீலம், சுவர் வேறு நிறமானால் வானமும் வேறு. வானம் மாறவில்லை, பக்கத்து நிறத்தை வைத்துத்தான் நம் கண் நிறத்தைக் கணிக்கிறது. வகுப்பில் நிறச் சக்கரத்தை வைத்துக்கொண்டு நான் மணிக்கணக்காகச் சொல்லிக்கொடுப்பதை இந்த மனிதர் ஓர் அந்திக்குள் முடித்துவிடுகிறார். தரையில் மல்லாந்து படுத்துப் பார்ப்பது உத்தமம், கழுத்துக்கு நல்லது.

இதை ஏன் அந்த மலைமேல் கட்ட வேண்டும்? அங்கே திராட்சைக்கும் வெளிச்சம்தான் கதை. அந்த உயரத்தில் காற்று மெலிது, வெயிலில் புற ஊதாக் கதிர் அதிகம். தன்னைக் காத்துக்கொள்ளப் பழம் தோலைத் தடிப்பாக்கிக்கொள்ளும். தோலில்தான் நிறமும் துவர்ப்பும் இருக்கின்றன, ஆகவே மால்பெக் என்ற திராட்சையில் செய்யும் அவ்வூர் ஒயின் மை மாதிரி கறுத்திருக்கும். பகலில் சுட்டெரித்து இரவில் நடுக்கும் குளிர் வருவதால் புளிப்பும் குறையாது. ஒயினைக் கறுப்பாக்குகிற அதே வானத்தைத்தான் டரல் சட்டம்போட்டு வைத்திருக்கிறார். ஹெஸ் 2023ல் காலமாகிவிட்டார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. லா கோஸ்தைத் தவிர மற்ற இடங்களுக்கு முன்பதிவு இல்லாமல் கிளம்பாதீர்கள். ஆமாவில் வழிகாட்டியோடுதான் சுற்ற முடியும். செப்டம்பர், அக்டோபர் அங்கே அறுவடைக்காலம். தோட்டம் அழகாக இருக்கும், ஆனால் நிலவறையில் ஆட்கள் வேலையாக ஓடிக்கொண்டிருப்பார்கள். கொலோமே பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் அங்கே அறுவடை ஆண்டின் தொடக்கத்தில். சால்தா நகரத்திலிருந்து மலைப்பாதையில் பல மணி நேரப் பயணம், சாலையில் பெரும்பகுதி மண்தான். அந்திக் காட்சியைப் பார்க்க வேண்டுமானால் அன்றே திரும்பும் திட்டம் சரிப்படாது, அக்கம்பக்கத்தில் தங்குங்கள். குடிக்காதவர்கள் தயங்க வேண்டாம். சுவை பார்க்கும் மேசையில் துப்புவதற்கென்றே ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள், வேண்டாம் என்று கையைக் காட்டினாலும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வண்டி ஓட்டுகிறவர் கட்டாயம் கையைக் காட்டிவிட வேண்டும்.

நன்றி, வணக்கம்.