கூடலூர் மலபாரிலேயே இருந்திருந்தால்? மாற்று வரைபடம் பற்றி ஒரு சந்தேகமும் விளக்கமும்

நீலகிரி மாவட்டத்துப் பந்தலூர் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேள்வியை அப்படியே வாசிக்கிறேன். "அண்ணா, திப்பு 1799-இல் தோற்காமல் இருந்திருந்தால் என்று போன வீடியோவில் நீங்கள் காட்டிய வரைபடத்தில் நீலகிரிக்கு மட்டும் முழு நிறம் அடிக்காமல் சாய்வுக் கோடு போட்டு விட்டிருந்தீர்கள். மற்றவர்கள் போடும் படங்களில் தெற்கு முழுக்க ஒரே பச்சை. எது சரி? அப்புறம், நடக்காத ஒன்றை உட்கார்ந்து வரைவதால் என்ன பிரயோஜனம்?"

நல்ல கேள்வி தம்பி, முதல் பாதியை எடுத்துக்கொள்கிறேன். மாற்று வரலாறு என்று சொல்லி வரைபடம் போடுகிறவர்களில் பெரும்பாலோர் நிறத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். பிடித்த ராஜா ஒருவர், அவருக்குப் பிடித்த நிறம் ஒன்று, அதை எவ்வளவு தூரம் இழுக்க முடியுமோ அவ்வளவு தூரம் இழுத்துவிடுவது. சோழர் வரைபடங்களைப் பாருங்கள், 1025-இல் ராஜேந்திர சோழன் கடாரத்துக்குக் கப்பல்படை அனுப்பினான் என்பது மெய்க்கீர்த்தியிலேயே இருக்கிறது, ஆனால் அதை வைத்து சுமத்ரா முழுக்கத் தஞ்சாவூர் நிறத்தை அடித்தால் அங்கே யார் வரி வசூலித்தார்கள், எந்த அதிகாரி உட்கார்ந்திருந்தார் என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. படையெடுத்துப் போய் வந்த இடமும் ஆண்ட இடமும் ஒன்றில்லை.

என் வழி வேறு. ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் மாற்ற வேண்டும், அதுவும் நடந்திருக்கக்கூடிய மாற்றமாக இருக்க வேண்டும், அதற்குப் பிறகு வரியும் பாதையும் தண்ணீரும் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம்தான் கோடு போக வேண்டும். திப்பு விஷயத்தில் நான் மாற்றியது மழையை.

1799 மே 4-ஆம் தேதி, ஸ்ரீரங்கப்பட்டணம். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜெனரல் ஹாரிஸின் படை ஒரு மாதமாக வெளியே கிடக்கிறது, கையில் அரிசி தீர்ந்துகொண்டே வருகிறது. காவிரியில் தண்ணீர் குறைவு, அதனால் பட்டப்பகலில் ஆற்றில் இறங்கி நடந்தே கடந்து, இடித்து வைத்திருந்த மதில் வழியாக ஏறினார்கள். தென்மேற்குப் பருவமழை குடகில் அந்தத் தேதிக்கு முன்னாலேயே பிடித்திருந்தால் அந்த ஆற்றை நடந்து கடந்திருக்க முடியாது. இது நான் சும்மா கற்பனை செய்வதில்லை, எட்டு வருடத்துக்கு முன்னால் இதே இடத்தில் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. 1791 மே மாதம் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்து வாசல் வரை வந்தார், சண்டையில் ஜெயித்தும் விட்டார், ஆனால் மழை, இழுவை மாடுகள் சாகின்றன, சாப்பாடு இல்லை, கடைசியில் கொண்டுவந்த முற்றுகைப் பீரங்கிகளைத் தானே அழித்துவிட்டுத் திரும்பிப் போனார். அதனால் 1799-இலும் ஹாரிஸ் திரும்பிப் போயிருக்கலாம் என்று சொல்ல எனக்குத் தெம்பு இருக்கிறது.

ஆனால் அதே வரலாறு இன்னொன்றும் சொல்கிறது, அதைத்தான் ஒரே பச்சை அடிக்கிறவர்கள் விட்டுவிடுகிறார்கள். 1791-இல் திரும்பிய கார்ன்வாலிஸ் 1792 பிப்ரவரியில் மறுபடி வந்தார். பாதி ராஜ்ஜியம் போனது, மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் போனது, இரண்டு பிள்ளைகளைப் பிணையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. மலபார், பாராமகால் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம்), பழனி மலைக்குக் கீழே இருக்கும் திண்டுக்கல் சீமை எல்லாம் அந்த வருடமே கம்பெனி கைக்குப் போய்விட்டன. ஆக 1799-இல் மழை காப்பாற்றியிருந்தாலும் திப்புவிடம் மிஞ்சியிருப்பது மைசூரும் கோயம்புத்தூரும் இன்னும் கொஞ்சமும்தான். மேற்கே கம்பெனி, கிழக்கே கம்பெனி, தெற்கே கம்பெனி, வடக்கே நிஜாமும் மராட்டியரும். இந்த நிலைமையில் 1800-ஆம் வருட வரைபடத்தில் மைசூரின் நிறம் 1792-இல் இருந்ததைவிடப் பெரிதாக ஆவதற்கு வழியே இல்லை. மாற்று வரலாறு என்றால் உடனே பேரரசு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பல நேரம் அது இருப்பதைத் தக்கவைத்துக்கொள்வது, அவ்வளவுதான்.

சரி, இப்போது நீலகிரிக்கு வருகிறேன், ஏன் சாய்வுக் கோடு?

மலைமேல் ராஜா யாரும் உட்கார்ந்து ஆளவில்லை. தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை, ஒரு கொடுக்கல் வாங்கல். தோடர் எருமை, கோத்தர் செய்த பானையும் இரும்புச் சாமானும், படகர் விளைவித்த தானியம், இவை மலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன. கீழே இருந்த ஆட்சி மாறியபோதெல்லாம் மலைக்கு வந்து சேர்ந்தது வரி கேட்கிற ஆள்தான். 1117-ஆம் ஆண்டு ஹொய்சாளக் கல்வெட்டில் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் தோடரை அச்சுறுத்தி நீல மலையைப் பிடித்ததாக வருகிறது, சந்தோஷம், ஆனால் அந்த ஒரு வரியை வைத்து உச்சி வரை ஹொய்சாள நிறம் அடிக்க மாட்டேன்.

அந்த வரி எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால்தான் மலை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று தெரியும். கீழே பவானிக் கரையில் தண்ணாயக்கன்கோட்டை என்று ஒரு கோட்டை இருந்தது. கம்பெனி வந்த புதிதில்கூட இந்த மலை தண்ணாயக்கன்கோட்டை தாலுகாவில்தான் சேர்ந்திருந்தது. இன்றைக்கு அது பவானிசாகர் அணைத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது, நீர்மட்டம் நன்றாக இறங்குகிற வருடங்களில் அங்கிருக்கும் பழைய கோயில் வெளியே தெரியும், பேப்பரில் படம் போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். குன்னூர் பக்கம் ஹுலிக்கல் துர்க்கம், நம் ஆட்கள் பக்காசுரன் கோட்டை என்று சொல்வது, அது திப்புவுக்குக் காவல் இடமாக இருந்தது. ஆக கீழே ஒரு வசூல் கோட்டை, விளிம்பில் ஒரு காவல் கோட்டை, நடுவில் தங்கள் பாட்டுக்கு வாழ்கிற மக்கள். இதற்கு முழு நிறம் அடித்தால் பொய். விளிம்பில் கோடு போட்டு உள்ளே சாய்வாக விட்டால்தான் நேர்மை.

இந்தியச் சர்வே துறையின் ஐம்பதாயிரத்துக்கு ஒன்று அளவுள்ள மேப் கிடைத்தால் ஒருமுறை விரித்துப் பாருங்கள். சீகூர் பக்கம், கல்லட்டி இறங்குகிற இடத்தில், உயரக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பழுப்புப் பட்டையாகத் தெரியும், நடுவில் எண்ணை வாசிக்கவே முடியாது. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 20 மீட்டர் உயர வித்தியாசம். அதே தாளில் ஊட்டி மேட்டில் கோடுகள் விலகி விலகிப் போகும். எந்தச் சக்கரவர்த்தியின் நிறமாக இருந்தாலும் அந்தப் பழுப்புப் பட்டையில் ஏறித்தான் வர வேண்டும், மூட்டை தூக்குகிற மாடு அங்கே எவ்வளவு தூரம் ஏறுமோ அவ்வளவு தூரம்தான் அவருடைய அதிகாரமும் ஏறும். வெற்று மேப்பில் மாநில எல்லையை மட்டும் வைத்துக்கொண்டு வரைகிறவர்களுக்கு இது கண்ணில் படுவதே இல்லை.

கோயம்புத்தூர் திப்புவிடமே இருந்திருந்தால் கோயம்புத்தூர் கலெக்டர் என்று ஜான் சல்லிவன் கிடையாது, 1819-இல் அவர் கோத்தகிரிக்கு வந்தது கிடையாது, ஊட்டியில் அந்தக் கல் பங்களா கிடையாது. அதுவரை தைரியமாகச் சொல்வேன். அப்போது இந்த மலையில் யார் எதைப் பயிரிட்டிருப்பார்கள், இங்கிலீஷ் காய்கறி வந்திருக்குமா, தேயிலை வந்திருக்குமா என்று போனால் அது கதை எழுதுகிறவர் வேலை. லால்பாக் தோட்டத்துக்கு வெளிநாட்டுச் செடிகள் வரவழைத்தவர் திப்பு, மைசூரில் பட்டு வளர்க்க முனைந்தவர், அதனால் மலையைச் சும்மா விட்டிருக்க மாட்டார் என்று எனக்கும் தோன்றுகிறது, ஆனால் தோன்றுவதை நான் வரைபடத்தில் போடுவதில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, என்ன பிரயோஜனம். இதற்கு உங்கள் ஊரையே வைத்துப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டில் மாற்று வரைபடம் போட்டுப் பார்க்க கூடலூர், பந்தலூரைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

1877 வரை உங்கள் ஊர் நீலகிரியில் இல்லை. மலபார் மாவட்டத்தின் வயநாட்டில் இருந்தது. அந்த வருடம் நம்பாலக்கோட்டை, சேரங்கோடு, முன்னநாடு என்ற மூன்று அம்சங்களை (மலபாரில் வருவாய்க் கிராமத்துக்கு இந்தப் பெயர்) வயநாட்டிலிருந்து எடுத்து நீலகிரியில் சேர்த்தார்கள். அன்றைக்கு அது வெறும் மாவட்டக் கோடு. இந்தப் பக்கமும் மெட்ராஸ் மாகாணம், அந்தப் பக்கமும் மெட்ராஸ் மாகாணம், ஒரே கவர்னர். கோடு போட்டவர் யாராக இருந்தாலும், 79 வருடம் கழித்து அது இரண்டு மாநிலத்துக்கு நடுவில் நிற்கப்போகிறது என்று நினைத்திருக்க வாய்ப்பே இல்லை. 1956 நவம்பர் 1, மொழிவாரி மாநிலம் வருகிறது, மலபார் மாவட்டம் கேரளாவுக்குப் போகிறது, கோயம்புத்தூரிலிருந்து கொள்ளேகால் தாலுகா மைசூருக்குப் போகிறது, நீலகிரி அப்படியே சென்னை மாநிலத்தில் நிற்கிறது. தாளூரில் நின்று பாருங்கள், கடைத்தெரு ஒன்று, மாநிலம் இரண்டு.

இப்போது ஒரே ஒரு விஷயத்தை மாற்றுங்கள். 1877-இல் அந்த மூன்று அம்சங்கள் நகரவில்லை. அப்படியானால் 1956-இல் கூடலூர் கேரளா. கோடு நடுவட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வந்து நிற்கும், ஊட்டியிலிருந்து மைசூருக்குக் கூடலூர் வழியாகப் போகிற பஸ் கேரளாவுக்குள் புகுந்துதான் போக வேண்டும். இது மேலோட்டமான மாற்றம். நிலத்தைப் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது.

கூடலூர் நிலத்தில் பெரும்பகுதி நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்ம நிலம், அதாவது பரம்பரை உரிமை நிலம், அதன் உரிமையாளர் ஜன்மி, இது மலபார் முறை. கேரளாவில் 1970 ஜனவரி 1 முதல் ஜன்மியின் உரிமை ஒழிந்து, குத்தகைக்கு உழுதவருக்கு நிலம் சொந்தமாகும் வழி திறந்தது. இந்தப் பக்கம் அதே ஜன்ம நிலத்துக்குத் தமிழ்நாடு 1969-இல் தனிச் சட்டம் போட்டது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1974-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதில் பிரிவு 17-க்குள், அதாவது தோட்டக் குத்தகை நிலம் பற்றிய பிரிவுக்குள், மாட்டிய நிலம் என்ன ஆனது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டா இல்லை, அதனால் கரண்ட் கனெக்‌ஷன் இல்லை என்று இன்றும் அலைகிற குடும்பங்கள் உங்கள் தெருவிலேயே இருக்கும். கோடு ஒன்று வேறு மாதிரிப் போயிருந்தால் அந்தக் குடும்பங்களின் கையில் இருந்திருக்கும் காகிதம் வேறு. எல்லாமே சரியாகியிருக்கும் என்று சொல்ல வரவில்லை, அங்கேயும் எஸ்டேட்டுகளுக்கு உச்சவரம்பில் விலக்கு இருந்தது, பணியர், காட்டுநாயக்கர் நிலை அந்தப் பக்கமும் நன்றாக ஆகிவிடவில்லை. ஆனால் வழக்கு வேறு, சட்டம் வேறு, போராட்டம் வேறாக இருந்திருக்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அது எனக்கு இன்னும் கனமாகப் படுகிறது. 1964-இல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் ஆனபின் இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்காக 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம், நாம் டான்டீ என்று சொல்வது, ஆரம்பித்தார்கள். அதில் பெரிய பங்கு கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, நெல்லியாளம் பக்கம். அந்த நிலம் கேரளாவில் இருந்திருந்தால் தமிழ்நாடு அரசு அங்கே தோட்டம் போட்டிருக்க முடியாது. அத்தனை குடும்பங்களும் எங்கே போயிருக்கும்? தம்பி, ஒருவேளை உங்கள் வீடும் அதில் ஒன்றாக இருக்கலாம். 1877-இல் ஏதோ ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் வசதிக்காகப் போட்ட கோடு, இலங்கையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒருவர் கடைசியில் எந்த மலையில் வந்து இறங்கினார் என்பதைத் தீர்மானித்திருக்கிறது. இதை நான் வரைபடத்தில் இரண்டு கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்ட பிறகுதான் முழுசாக உணர்ந்தேன். பிரயோஜனம் என்ன என்று கேட்டால் எனக்கு இதுதான்.

இன்று கேரளாவில் இருக்கும் தேவிகுளம், பீர்மேடு பற்றியும் நிறையப் பேர் எழுதுகிறீர்கள், அது தனி வீடியோவுக்கு உரியது, ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அங்கே மாற்றிப் பார்க்க வேண்டிய சம்பவம் 1955-இல் வந்த மாநில மறுசீரமைப்பு ஆணைய அறிக்கை. செங்கோட்டையும் தெற்கே நான்கு தாலுகாக்களும் இந்தப் பக்கம் வந்தன, தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. வரைகிறவர்கள் முல்லைப் பெரியாறு நீர்ப்பிடிப்பை முதலில் குறித்துக்கொண்டு பிறகு கோடு போடுங்கள்.

வரைய ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இன்றைய இந்தியாவின் வெளி எல்லையை மாற்றி வரைந்து அதை உண்மை மேப் போல வெளியிட்டால் சட்டப்படி குற்றம். எந்தப் படமாக இருந்தாலும், எந்த வருடம், எதை மாற்றியிருக்கிறீர்கள், இது கற்பனை என்று படத்துக்குள்ளேயே பெரிய எழுத்தில் போடுங்கள். கீழே விளக்கத்தில் போட்டால் போதாது, படத்தை மட்டும் வெட்டி எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்ற விடுவார்கள், அப்புறம் யாரோ ஒருவர் அதை நிஜம் என்று நம்பிப் பக்கத்து மாநிலத்துக்காரரோடு சண்டைக்குப் போவார்.

தம்பி, நீங்களே பந்தலூருக்கு ஒன்று வரையுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் இருக்கும் பழைய ரசீது, குத்தகைச் சீட்டு, எஸ்டேட் பதிவு எதுவாக இருந்தாலும் அதில் எந்த அம்சம், எந்த தாலுகா என்று எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள், ஜன்மி பெயர் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், கோட்டை அதன் பிறகு போடலாம். முடித்ததும் அனுப்புங்கள், அடுத்த வீடியோவில் காட்டுகிறேன். அடுத்த கேள்வி கொடைக்கானலிலிருந்து வந்திருக்கிறது.